போர்ட்ரெய்ட் (ஆளின் முகப்படம்) எடுக்கக் கற்க வேண்டும், கையில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. எங்கே போவது?

வராகநதி
மே 12, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பெரியகுளம் பக்கத்தில் இருக்கிறேன். வயது 27. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் எங்கள் பாட்டி இறந்துபோனார். மாலை போடுவதற்கு ஒரு படம் தேடினோம். வீட்டில் மூன்று செல்பேசிகள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. பாட்டி மட்டும் தனியாக, முகம் தெளிவாகத் தெரியும்படி ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். அந்தப் படத்தில் இருப்பவர் எங்கள் பாட்டியே இல்லை. பதினாறாம் நாள் வரை அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

எங்கள் ஊரில் இருக்கும் வயதானவர்களை ஒழுங்காக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அக்காவின் கணவர் அவருடைய பழைய கேனான் 1300டி கேமராவை, கூடவே வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸோடு கொடுத்துவிட்டார். சேமிப்பில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. ஒரு நாள் போர்ட்ரெய்ட் பயிற்சி முகாம், 5,500 ரூபாய் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? இல்லை, அந்தப் பணத்தில் பின்னணியை மங்கலாக்கும் 50 எம்எம் லென்ஸ் வாங்கிக்கொண்டு நானே பழகலாமா?


ஒளிமுற்றம்
மே 12, இரவு 10.25

அந்த முகாமைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அதே போன்ற ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 4,000 ரூபாய் கட்டிப் போனேன். 38 பேர் வந்திருந்தோம். மாடல் ஒருவர். பயிற்சியாளர் மூன்று ஃப்ளாஷ் விளக்குகளை அவரே பொருத்திவிட்டு, “எஃப் 8, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 100 வையுங்கள்” என்றார். வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்தோம். 38 பேர் கேமராவிலும் ஒரே படம். அதை முகநூலில் போட்டேன், நண்பர்கள் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து என் அம்மாவை எடுத்தபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று புரிந்தது. படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று தீர்மானிக்கும் அந்த எண்கள் அந்த விளக்குகளுக்கு, அந்த இடத்துக்கு உரியவை. அவற்றை ஏன் வைத்தார் என்று அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேர் வருவார்கள்? விளக்கை நான் என் கையால் நகர்த்திப் பார்க்கலாமா? எடுத்த படத்தைப் பார்த்து என்ன தவறு என்று யாராவது சொல்வார்களா? கடைசிக் கேள்விக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். மற்றவை எல்லாம் யூடியூபில் தமிழிலேயே கிடைக்கின்றன.


தாழம்பூ
மே 13, காலை 6.50

தங்கை, உங்கள் மாவட்டத்தில் ஆர்செட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ஆதரவில் வங்கிகள் நடத்துகின்றன. மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, ஐஓபி, கனரா வங்கி போன்றவை பொறுப்பேற்று நடத்துகின்றன. 1982இல் கர்நாடகத்தில் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையம்தான் இதற்கு முன்மாதிரி.

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடும் அவர்களே தருகிறார்கள், தூரத்தில் இருந்து வருபவர்கள் தங்கவும் இடம் உண்டு. தையல், அழகுக்கலை, கறவை மாடு வளர்ப்பு என்று பல பயிற்சிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். புகைப்படமும் வீடியோவும் சேர்ந்த 30 நாள் பயிற்சி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. நான் அதில்தான் கற்றேன், சிவகங்கை மாவட்டத்தில்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 30 நாளில் வீடியோ, எடிட்டிங், வங்கிக் கடன் வாங்குவது, கணக்கு வைப்பது எல்லாம் அடக்கம். முகத்துக்கு ஒளி அமைப்பது எங்களுக்கு நான்கு நாள்தான் நடந்தது. ஆனால் வகுப்பில் 24 பேரும் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டே இருந்தோம். பல் விழுந்தவர், அம்மை வடு உள்ளவர், கண்ணாடி போட்டவர், வெட்கத்தில் கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்றவர், எல்லோரும் இருந்தார்கள். எந்த மாடலும் அதைச் சொல்லித்தர முடியாது.

18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மேல் வரம்பு என் காலத்தில் 45. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், படிப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு நேரில் போங்கள். எல்லா நேரத்திலும் புகைப்பட வகுப்பு நடக்காது. ஆண்டு அட்டவணையில் எப்போது வருகிறது என்று கேட்டு, முன்பதிவுப் புத்தகத்தில் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். பெயர்கள் சேர்ந்தால்தான் வகுப்பு தொடங்குவார்கள். அதனால் இரண்டு தோழிகளையும் கூட்டிப் போங்கள்.


வராகநதி
மே 13, இரவு 9.15

அக்கா, மிக்க நன்றி. இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனால் 30 நாள் தொடர்ச்சியாக என்றால் கடையில் விடமாட்டார்கள். ஆடித் தள்ளுபடி முடியும் வரை விடுப்பு என்ற பேச்சே எடுக்க முடியாது.


கோட்டூர்புரம்
மே 13, இரவு 11.05

சென்னையில் இருப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 1857இல் தொடங்கிய போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் என்ற புகைப்படச் சங்கம் இன்றும் இயங்குகிறது. உறுப்பினராகிவிட்டால் அனுபவசாலிகள் நடுவில் படத்தை வைத்துப் பேச வாய்ப்புக் கிடைக்கும். வார இறுதியில் கூட்டமாக நடந்து படம் எடுக்கும் குழுக்கள் இருக்கின்றன, செலவில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து புகைப்பட நூல்களைப் புரட்டலாம். உங்கள் பக்கம் என்றால் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தரமணி திரைப்படக் கல்லூரி ஒளிப்பதிவுப் பட்டப்படிப்புக்கு உரிய இடம், அது வேறு பாதை. ஊட்டிக்கு அருகே லவ்டேலில் உள்ள புகைப்பட அகாடமி போன்றவை முழுநேரத் தொழிற்கல்விக்கு. ஆறாயிரத்தில் அவற்றை நினைக்க வேண்டாம்.

ஆங்கிலம் வாசிக்க முடியும் என்றால் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புகைப்பட அடிப்படைப் பாடம் இருக்கிறது. செல்பேசியில் இருந்து தொடங்குகிறார்கள்.


பழைய ஸ்டூடியோ
மே 14, காலை 5.30

அம்மா, உங்கள் பாட்டியைப் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அந்தத் துயரத்தோடு என் கடைக்கு வந்து நிற்கும் குடும்பங்களை மாதத்துக்கு நான்கு முறையாவது பார்க்கிறேன். கல்யாண வீட்டுக் குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் கடுகளவு தெரியும் தலையைக் காட்டி, “இதைத் தனியாக எடுத்துக் கொடுங்கள்” என்பார்கள்.

லென்ஸ் வாங்காதீர்கள். உங்கள் கேமராவில் அந்த 18-55 லென்ஸை 55இல் வைத்தால் பழைய பிலிம் கேமராவில் 88 எம்எம் லென்ஸ் காட்டும் காட்சிக்குச் சமம். முகம் எடுக்க உலகம் முழுக்க 85ஐத்தான் விரும்புகிறார்கள். பின்னணி மங்கலாக வராது என்பது உண்மை. முதல் ஆறு மாதம் அது வராமல் இருப்பதே நல்லது. மங்கலான பின்னணி தவறுகளை மூடி மறைக்கும்.

ஆளை உட்கார வைப்பதற்கு முன் ஒரு குடுமித் தேங்காய் வாங்குங்கள். நான் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேங்காயில் மூக்குத்தண்டு போல மூன்று விளிம்புகள் ஓடும். அதை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துப் படம் எடுங்கள். பிறகு இரண்டு முழம், நான்கு முழம். ஜன்னலுக்கு நேராக, பக்கவாட்டில், முதுகு காட்டி. எங்கே வைத்தால் உருண்டையாகத் தெரிகிறது, எங்கே தட்டையாகிறது என்று ஒரு நோட்டில் படம் வரைந்து எழுதுங்கள். எனக்கு 1989இல் என் முதலாளி களிமண் பொம்மைத் தலையை வைத்து இதைத்தான் செய்யச் சொன்னார். மூன்று மாதம் கேமராவைத் தொட விடவில்லை.

அதன் பிறகு அடுத்த பாடம் பாஸ்போர்ட் படம். போர்ட்ரெய்ட் கற்க வருபவர்கள் இதை மதிப்பதில்லை. 35க்கு 45 மில்லிமீட்டர் படத்தில் என்ன கலை இருக்கிறது என்பார்கள். ஒரு நாளில் முப்பது முகம் வரும். ஒவ்வொரு முகத்துக்கும் அரை நிமிடத்தில் முகவாய் எவ்வளவு இறங்க வேண்டும், எந்தத் தோள் ஏறியிருக்கிறது என்று பார்க்கக் கண் பழகிவிடும். மூக்குக் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் காதில் மாட்டும் கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு மறையும். இதையெல்லாம் எந்த வகுப்பில் சொல்கிறார்கள்? பக்கத்து ஸ்டூடியோவில் கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். சம்பளம் கேட்காமல் ஆறு மாதம் இருந்தால் தொழில் கைக்கு வந்துவிடும்.


ஒளிமுற்றம்
மே 14, காலை 9.10

ஐயா மீது மரியாதை இருக்கிறது, ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். சம்பளமில்லாமல் ஆறு மாதம் இருக்க யாரால் முடியும்? வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்களால்தான். என் நண்பன் ஒரு ஸ்டூடியோவில் எட்டு மாதம் கல்யாணத்துக்குக் கல்யாணம் விளக்கு தூக்கினான், இரவு இரண்டு மணிக்கு மண்டபத்துத் தரையில் படுத்தான், ஒரு படம்கூட எடுக்க விடவில்லை. கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிக் கூலியில்லாமல் வேலை வாங்குவதுதான் நடக்கிறது.


தாழம்பூ
மே 14, பிற்பகல் 2.20

பெண்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. இரவு முகூர்த்தம், வெளியூர் மண்டபம், நான்கு ஆண்களோடு ஒரே வண்டியில் திரும்புவது. நான் மறுத்துவிட்டேன், அதனால் எதையும் இழக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், பகல் பத்து முதல் ஆறு வரை, ஸ்டூடியோவுக்குள் மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எடிட்டிங் கொஞ்சம் தெரிந்தால் அதற்குக் கூலி கேளுங்கள், கற்பது அதற்கு மேல். முதலாளியின் மனைவியோ மகளோ கடையில் உட்காரும் ஸ்டூடியோவாகப் பாருங்கள்.


பழைய ஸ்டூடியோ
மே 14, இரவு 8.45

தம்பி சொல்வது சரி. நான் கற்ற காலத்தில் முதலாளி வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். தீபாவளிக்கு அவர் பிள்ளைக்கு எடுத்த துணியில்தான் எனக்கும் சட்டை. இன்று அப்படி இல்லாதபோது சம்பளமில்லாமல் இரு என்று நான் எழுதியது தவறு. வாரம் ஒரு நாள், செய்த வேலைக்குக் கூலி. அந்த அம்மா சொன்னதையே கேளுங்கள்.


கரிசல்மண்
மே 15, இரவு 10.30

யாரிடம் கற்பது என்று முடிவு செய்ய நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: கருத்த முகத்தை எப்படி எடுப்பீர்கள்? “எடிட்டிங்கில் வெளுப்பாக்கிவிடலாம்” என்று பதில் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்களுக்கு நம் ஊர் முகத்தைப் பார்க்கவே தெரியவில்லை.

என் அப்பா கடலைக்காட்டில் வெயிலில் நின்றவர். அவர் அறுபதாம் கல்யாண ஆல்பத்தில் அவரைச் சாம்பல் பூசினாற்போல ஆக்கிவிட்டார்கள். அம்மா அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது, “யாரோ மாதிரி இருக்கிறார்” என்று சொல்லி மூடிவிடுவார். அந்தக் கோபத்தில்தான் நான் கேமராவைக் கையில் எடுத்தேன்.

கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, நடுவில் கருத்த முகம் என்றால் வெள்ளையைச் சாம்பலாக்கும் வேகத்தில் முகத்தை இருட்டில் தள்ளிவிடும். அப்போது கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில் பிளஸ் ஒன்று ஏற்றுங்கள். இருண்ட கதவுக்கு முன்னால் உட்கார்ந்தால் தலைகீழாக நடக்கும், மைனஸ் வைக்க வேண்டும். முகத்தை வெளுக்க வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை, இருக்கும் நிறம் இருக்கிறபடி வருவதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது, கருத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன் மினுமினுப்பு. கன்னத்து எலும்பிலும் மூக்கின் மேலும் நெற்றியிலும் விழும் அந்தப் பளபளப்பை இழந்தால் முகம் மொத்தையாகத் தெரியும். சின்ன ஃப்ளாஷை நேராக அடித்தால் எண்ணெய்ப் புள்ளிகளாகச் சிதறும். பெரிய ஜன்னல், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிய வாசல், திண்ணை நிழல், இவற்றில் அதே மினுமினுப்பு அகலமாக, மெதுவாகப் பரவும். பவுடர் பூச விடாதீர்கள். பின்னணிக்குப் பழுப்பு, கரும்பச்சை, செங்கல் நிறம் நன்றாக இருக்கும். விபூதிப் பட்டை வெந்துபோய் வெறும் வெள்ளையாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவில் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது டிஸ்ப் (DISP) பொத்தானை அழுத்தினால் எரிந்துபோன இடம் கண்சிமிட்டிக் காட்டும்.


வராகநதி
ஜூன் 11, இரவு 8.30

செவ்வாய்க்கிழமைகளில் தேங்காய்ப் பயிற்சி செய்தேன். நான்கு வாரம். ஐயா, நீங்கள் சொன்னபடி நோட்டு எழுதினேன். ஒரு முழத்தில் ஒரு பக்கம் பளீரென்றும் மறுபக்கம் கருப்பாகவும் இருக்கிறது, நான்கு முழத்தில் இரண்டும் நெருங்கிவிடுகின்றன, ஆனால் முழுவதும் மங்கல். இன்று முதல்முறையாகப் பக்கத்து வீட்டு ஆச்சியை உட்கார வைத்து எடுத்தேன். 55இல், எஃப் 5.6, 1/125, ஐஎஸ்ஓ 800. இணைத்திருக்கிறேன். முகம் ஒரு பக்கம் நோயாளி போலப் பச்சையாக வருகிறது. வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று படித்தேன், எங்கள் வீட்டில் அது இருக்கிறது. ஆனால் காலையில் அதில் நேர் வெயில் விழுந்து ஆச்சியின் கன்னத்தில் கோடு போட்டுவிட்டது. கையும் விறைப்பாக இருக்கிறது.


கரிசல்மண்
ஜூன் 11, இரவு 9.20

பச்சைக்குக் காரணம் உங்கள் சுவர். படத்தின் ஓரத்தில் தெரிகிறது பாருங்கள், கிளிப்பச்சை டிஸ்டம்பர். ஜன்னல் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி ஆச்சியின் நிழல் பக்கத்தில் விழுகிறது. எடிட்டிங்கில் பச்சையைக் குறைத்தால் மறுபக்கம் சிவந்துவிடும். அந்தப் பக்கம் ஒரு முழுத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். பச்சையையும் தடுக்கும், நிழலையும் தூக்கும்.

வடக்கு ஜன்னல் கதை ஐரோப்பியப் புத்தகங்களில் இருந்து வருவது. அவர்களுக்குச் சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கில்தான். நாம் பத்துப் பாகை அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழத்தான் செய்யும். இந்த மாதங்களில் தெற்கு ஜன்னலைப் பயன்படுத்துங்கள், ஐப்பசிக்குப் பிறகு வடக்குக்கு மாறுங்கள்.


பழைய ஸ்டூடியோ
ஜூன் 12, காலை 5.50

ஆச்சியின் கண்ணைப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் ஜன்னல் சின்னதாக மின்னுகிறது. படத்துக்கு உயிர் வந்துவிட்டது அம்மா. மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது.

கை விறைப்பதற்குக் காரணம், சும்மா இருக்கும் கையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. பழைய ஸ்டூடியோக்களில் ஒரு முக்காலி, பூச்சாடி, புத்தகம் எல்லாம் ஏன் இருந்தன என்று நினைக்கிறீர்கள்? நெடுநேரம் அசையாமல் இருக்க ஒரு பிடிமானம் வேண்டும் என்பது ஒன்று, கைக்கு வேலை வேண்டும் என்பது இன்னொன்று. ஆச்சி கையில் வெற்றிலைப் பெட்டியைக் கொடுங்கள். வெற்றிலை மடிக்கும்போது பேச்சு கொடுங்கள், மடித்து நிமிரும்போது எடுங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாபத்தில் உள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு ஆயிரக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசம். தினமும் பத்துப் படம் பாருங்கள். விளக்கு எந்தப் பக்கம், கை எங்கே, கண் எங்கே என்று எழுதுங்கள். நம் ஊர் ஆட்களை நம் ஊர்க் கைகள் எப்படி உட்கார வைத்தன என்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.


வராகநதி
ஜூன் 18, இரவு 9.00

தெர்மாகோல், தெற்கு ஜன்னல், வெற்றிலைப் பெட்டி. புதிய படத்தை இணைத்திருக்கிறேன். ஆச்சி கேமராவில் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கம்மா மாதிரியே இருக்கிறேன்” என்றார்.


வராகநதி
செப்டம்பர் 24, இரவு 10.10

இழையைத் திரும்பத் திறப்பதற்கு மன்னிக்கவும். ஆடி முடிந்ததும் முதலாளியிடம் பேசி ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு வாங்கினேன். ஆர்செட்டியில் பெயர் எழுதி வைத்திருந்தேன், ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்கியது, சென்ற வாரம் முடித்தேன். தாழம்பூ அக்கா சொன்னதுபோலவே, முக ஒளியமைப்பு சில நாள்தான். ஆனால் மூன்று மாதம் தேங்காயோடும் ஆச்சியோடும் இருந்துவிட்டுப் போனதால் அந்தச் சில நாளில் என்ன கேட்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஃப்ளாஷை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்று பயிற்றுநர் சொன்னபோது என் நோட்டைத் திறந்து காட்டினேன். ஜன்னலுக்கு அருகில் தேங்காயை நகர்த்தியபோது ஏன் ஒரு பக்கம் மட்டும் அப்படி இருண்டது என்று அவர் பலகையில் வரைந்து விளக்கினார்.

இதுவரை செலவு: தெர்மாகோல், மெமரி கார்டு, பேருந்துக் கட்டணம், பிரிண்ட், எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். விடுப்பில் போன சம்பளம் தனி. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இலவசம் என்று நம்பிப் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். ஊரில் ஒரு ஸ்டூடியோவில் செவ்வாய்தோறும் பகலில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன், நாளுக்கு 350 தருகிறார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் எங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய பதினொரு பேரையும் எடுத்துவிட வேண்டும். நான்கு பேர் முடிந்துவிட்டார்கள். ஐயா, சுவரில் மாட்ட 8க்கு 12 அங்குலம் போதுமா? பளபளப்புத் தாளா, பளபளப்பில்லாத மேட் தாளா?


பழைய ஸ்டூடியோ
செப்டம்பர் 25, காலை 5.40

8க்கு 12 போதும். மேட் தாளில் போடுங்கள், சட்டத்தின் கண்ணாடியே பளபளக்கும். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் ஈரம் இறங்கினால் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஏழு பேரில் உடம்பு முடியாதவர் யாராவது இருந்தால் அவரை முதலில் எடுங்கள்.